சவுந்தரி எழுதிய லண்டன் சோதனை

ஊர்காவற்றுறை,
9.10.1938

அன்புள்ள மச்சான் அரியநாயகத்துக்கு,

பஸ்ரியாம்பிள்ளை எழுதுவது. இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் மாமாவுக்கு, உன் தகப்பனாருக்கு, என்னவோ என்று உன் நெஞ்சு இடித்திருக்கும் என்பதால் இதை முதலிலேயே எழுதுகிறேன். மாமாவுக்கு வலக்கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. மாரி கழியட்டும், வெட்டி எடுக்கலாம் என்று யாழ்ப்பாணத்து டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். மாமி முழங்கால் நோவோடும் விடியற்காலைப் பூசையைத் தவறவிடுவதில்லை. எங்கள் மூத்தவள் பிலோமினா பள்ளிக்கூடம் போகிறாள். இளையவன் என் வத்தையில் ஏறிக் கடலுக்கு வரவேண்டும் என்று தினமும் அழுகிறான்.

நல்ல செய்தி ஒன்று சொல்லத்தான் பேனா எடுத்தேன். உன் தங்கை சவுந்தரி லண்டன் பி.ஏ. சோதனை பாஸ்பண்ணிவிட்டாள்.

அவள் படிக்கிறாள் என்று உனக்கு முன்னமே தெரியுமோ தெரியாது. இரண்டு மூன்று தடவை எழுதினாள். நீ ஈப்போவில் வீடு மாறியிருந்தால் அந்தக் கடிதங்கள் கிடைத்திராது என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் மாதந்தோறும் நீ மாமிக்கு அனுப்புகிற காசு தவறாமல் வருகிறது. தபால்காரன் வந்தால் மாமி கையெழுத்துப் போட்டுவிட்டு, வேறொன்றும் இல்லையோ என்று அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். குறையாக இதை எழுதவில்லை, மச்சான். வீட்டில் நடப்பதை எழுதுகிறேன்.

உன் லண்டன் சோதனை முடிவு வந்து, ஊருக்கு வராமலே நீ கப்பலேறின பிறகு கொழும்பில் நீ தங்கியிருந்த இடத்திலிருந்து உன் பெட்டி றெயிலில் வந்து சேர்ந்தது. மாமா அதைத் திறக்கவிடவில்லை. அறையில் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி வைப்பித்தார். எனக்கும் சவுந்தரிக்கும் கலியாணம் பேசினபோது சீதனக் கதை வந்தது. நான் வாய் திறக்கமுன் அவள் மாமியிடம், அண்ணையின் பெட்டியும் தனக்கு வேண்டும் என்று கேட்டாளாம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார், மறுக்கவில்லை. அண்ணன் நினைவாகக் கேட்கிறாள் என்றுதான் நான் எண்ணினேன்.

கலியாணம் முடிந்த மாதமே பெட்டியில் இருந்த உன் புத்தகங்களை வெயிலில் போட்டுப் பூச்சி தட்டினாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். என்ன எண்ணம் என்று கேட்டபோதுதான் லண்டன் சோதனையைப் பற்றி விளங்கப்படுத்தினாள். உனக்குத் தெரியாததல்ல, ஆனால் எனக்கு அது புதினம். கல்லூரியில் போய் இருந்து படிக்கத் தேவையில்லையாம். எங்கே படித்தாய், ஆரிடம் படித்தாய் என்று லண்டனில் ஒருவரும் கேட்கமாட்டார்களாம். சோதனைக் காசைக் கட்டி, மண்டபத்தில் போய் இருந்து எழுதவேண்டும். எழுதினது சரியென்றால், அங்கேயே படித்தவர்களுக்குக் கொடுக்கிற அதே பட்டத்தைத் தருவார்களாம். ஒரு வத்தையை வைத்துப் பிழைக்கிற நான் அவளைக் கொழும்பில் வைத்துப் படிப்பிக்க முடியாது. மாமாவுக்கும் இன்னொரு முறை அந்தச் செலவு ஏலாது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்றாள். உனக்கேன் இந்தப் பாடு என்று கேட்டேன். சும்மா கிடக்கிற புத்தகம்தானே என்று சிரித்தாள்.

நீ பென்சிலால் கோடு போட்ட இடங்களை அவள் முதலில் வாசிப்பாள். சில பக்கங்களின் ஓரத்தில் நீ எழுதினதை எனக்கும் வாசித்துக் காட்டி, அண்ணைக்கு இது நல்லாய் விளங்கியிருக்கு என்பாள்.

பாடங்களைத் தபாலில் அனுப்பிச் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதில் சேர்ந்தாள். கட்டுரை எழுதி அனுப்பினால் அது திருத்தி வர மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் என்ன எழுதினேன் என்று அவளுக்கே மறந்துபோகும். சிவப்பு மையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மடைச்சி ஆரப்பா என்று தன்னைத்தானே கேட்பாள். இலத்தீன்தான் பெரிய கரைச்சல். நமது கோயில் சுவாமியார் நாள் தவறாமல் இலத்தீனில் பூசை வைக்கிறவர்தானே என்று அவரிடம் போனாள். அவரும் ஆசையோடு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஆனால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை, இது நமது வேதம் வருமுன் இருந்த ஆட்களின் இலத்தீன், இதில் சண்டையும் கோபமும்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். பிறகு தானாகவே முட்டிமோதிப் படித்தாள். குசினியில் பால் பொங்கி அடுப்பை அணைத்த நாட்களும் உண்டு. என் அக்கா கிறேசம்மா பக்கத்து வளவில் இருந்தபடியால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை.

பி.ஏ.க்கு முன் எழுதவேண்டிய நடுச் சோதனையை முதல்தரம் எழுதினபோது இலத்தீனில் தவறிவிட்டாள். செய்தி வந்த அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடி சொன்னார்:

"ஒரு பிள்ளை சோதனையாலை ஊரைவிட்டுப் போட்டான். இனி எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் சோதனை எழுதக்கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்படி ஒரு நாளும் நான் அவளைப் பார்த்ததில்லை. மாமாவுக்கு முன்னால் குரல் எழுப்பாதவன் நான், உனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும், நான் கலியாணம் செய்தவள், எழுதுவதும் விடுவதும் அவளுடைய விருப்பம் என்று சொல்லிவிட்டேன். மாமா படலையைச் சாத்திக்கொண்டு போனார். பிலோமினாவின் ஞானஸ்நானத்துக்குத்தான் திரும்ப எங்கள் வாசல் மிதித்தார். அதற்கிடையில் சவுந்தரி பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டாம்தரம் எழுதிப் பாஸ்பண்ணியிருந்தாள். அதைப் பற்றி மாமா ஒரு சொல்லும் கேட்கவில்லை. குழந்தையின் கையில் காப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான்.

அவருக்குக் கோபம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கோபம் அல்ல மச்சான், பயம்.

கடைசிச் சோதனை இந்த ஆனியில் வந்தது. பிள்ளைகளைக் கிறேசம்மா அக்காவிடம் விட்டுவிட்டு நானும் அவளோடு கொழும்புக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் நமது ஊர் ஆட்கள் வீட்டில் தங்கினோம். திராம் வண்டியில் ஏறினால் எனக்குத் தலை சுற்றுகிறது. நெடுந்தீவுக் கடலில் கச்சான் காற்றுக்கும் சுற்றாத தலை. அவள் சிரித்துச் சிரித்து வந்தாள். முதல் இரண்டு நாளும் தாள்கள் நல்லாய்ச் செய்தாள்.

மூன்றாம் நாள் இலத்தீன். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நீ முன்னொருகால் வீட்டுக்கு எழுதின கடிதத்தில், சோதனை மண்டபத்து வாசலில் இரண்டு பெரிய மரங்கள் நிற்கின்றன, அதன்கீழ் நின்றுதான் மணி அடிக்கும்வரை படித்தேன் என்று எழுதியிருந்தாயாம். எனக்கு அது நினைவில்லை. அவள் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

"இஞ்சருங்கோ, எனக்கு ஏலாது. அண்ணை இதிலைதான் தனிய நிண்டிருப்பார்" என்றாள்.

படித்த புருஷனென்றால் ஏதும் நல்ல வார்த்தை சொல்லியிருப்பான். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"போய்க் கதிரையிலை இரும். ஒண்டும் எழுதாட்டிலும் காரியமில்லை. நீர் வெளியிலை வரேக்குள்ளை நான் இதிலை நிப்பன்."

என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு போனாள். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காவற்காரன் சிங்களத்தில் என்னவோ சொல்லி என்னைத் துரத்தினான். தெருவின் மற்றப் பக்கம் போய் நின்றேன். அவன் உள்ளே போனதும் திரும்ப வந்தேன். இப்படி இரண்டு மூன்று தரம் நடந்தது. கடைசியில் அவனே சிரித்து, தன் குடைக்குள் என்னைக் கூப்பிட்டான்.

வெளியே வந்தபோது அவள் விரலெல்லாம் மை. எப்படிச் செய்தாய் என்று நான் கேட்கவில்லை. ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணைக்கு அண்டைக்கு ஆர் நிண்டது?"

மச்சான், உன் சோதனை எந்தக் கிழமை என்றுகூட இங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. நீ பாஸ்பண்ணி வந்தால் எந்தக் கந்தோரில் உத்தியோகம், எந்த ஊரில் பெண் எடுப்பது என்று மட்டும் துறைமுகம் முழுக்கக் கதைத்தோம். அந்தக் கதை எல்லாம் உன் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவ்வளவையும் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போய் எழுதியிருக்கிறாய். சவுந்தரிக்கு அப்படி ஒரு பாரமும் இல்லை. தவறினால் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். அதை அவளே சொன்னாள். தான் அண்ணையிலும் கெட்டிக்காரி என்று ஆரும் சொன்னால் தனக்குக் கோபம் வரும் என்றாள்.

முடிவு போன கிழமைதான் வந்தது. நான் நெடுந்தீவிலிருந்து மாடு ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தேன். தபாற்கந்தோர் ஐயா இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் பிடித்தபடி வெயிலில் துறையடிக்கே வந்துவிட்டார். அவர் அந்த நேரம் கதிரையை விட்டு எழும்பினதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் இத்தனை வருஷம் தபாலுறைகளில் பார்த்துப் பார்த்து அவள் பெயரின் எழுத்துகளை அடையாளம் தெரியும். அவர் விரல் வைக்கமுன் நான் கண்டுவிட்டேன். மாடுகளை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, சேறும் சாணியுமாக வகுப்பு வாசலில் நிற்கிறேன் என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். சவுந்தரி சிரிக்கவில்லை. கையில் இருந்த வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னியர் மடத்துத் தாயார் வந்து அவளைக் கட்டிப் பிடித்தார்.

இனி மேல்வகுப்புகளை அவளிடம் கொடுக்கப்போகிறார்களாம். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் லாஞ்சியில் போய்வரலாமோ என்று யோசிக்கிறாள். ஊரில் சிலர் என்னிடம், பி.ஏ. பெண்சாதிக்கு இனி நீதான் தேத்தண்ணி போடவேண்டிவரும் என்று பகிடி பண்ணுகிறார்கள். அது எட்டு வருஷமாக நான் செய்கிற வேலைதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. இந்தச் சோதனையைச் சிங்கப்பூரிலும் வைக்கிறார்களாம். சவுந்தரி பேச்சுவாக்கில் சொன்னாள். உனக்கு இதை எழுதும்படி அவள் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்த வரியை விட்டுவிடு.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் போய்ச் செய்தி சொன்னபோது வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஓம் என்றார். கையைக் கழுவி, சால்வையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். அது மத்தியானம், கோயில் பூட்டிக் கிடக்கும் நேரம். வெகுநேரமாகக் காணவில்லை என்று மாமி என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் பூட்டின கதவுக்கு முன்னால் படியில் இருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு என் பக்கம் பாராமலே கேட்டார்:

"பெடியனுக்கு அறிவிச்சாச்சோ?"

மச்சான், பத்து வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல்தரம். இன்னும் இல்லை, நான் எழுதுகிறேன் என்றேன். எழும்பப் போனவர் திரும்ப இருந்தார்.

"சோதனையைப் பற்றிக் கனக்க எழுதாதையும், தம்பி. சுகமோ எண்டு கேளும்."

அவர் சொல்லைத் தட்டிவிட்டு இவ்வளவும் எழுதியிருக்கிறேன். உன்னிடம் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நான் எழுதுவது சவுந்தரிக்குத் தெரியும். தானும் இரண்டு வரி சேர்க்கப் பேனாவை வாங்கினாள். சற்றுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பிறகு தனியாக எழுதுவாளாம்.

தேவமாதா உனக்குத் துணையிருப்பாராக. நல்ல உடம்பும் நித்திரையும் உனக்குக் கிடைக்கட்டும். மாமா கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு முடிக்கிறேன்.

சுகமோ, மச்சான்?

என்றும் உன் அன்பு மறவாத,
பஸ்ரியாம்பிள்ளை