சீல் வைக்காத கடிதம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ உன் தோழி வீட்டில் பத்திரமாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் பேனாவையே பிடிக்க முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று போன் செய்து, ஒன்றும் கேட்காதே, நாலு துணியை எடுத்துக்கொண்டு உன் கூட வேலை பார்க்கிற பெண் வீட்டுக்குப் போய்விடு என்று சொன்னேன் அல்லவா. ஏன்ப்பா ஏன்ப்பா என்று கேட்டாய், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா என்றால் பத்துக் கேள்வி கேட்கிற பிள்ளை, அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கிளம்பினாய். அந்த அப்புறம்தான் இந்தக் கடிதம். சித்தி ஆபீஸ் பயிற்சிக்காக உன் ஊர்ப்பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்து உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உறையின் மேல் உன் முகவரியை எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் உன் முகவரியை நான்தான் வெளியே கொடுத்துவிட்டேன் அம்மா. சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்கு இன்னும் பயமாக இருக்கும், அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆன புதிதில் நம் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாயே, அதன் பெயர், டொமைன் என்பீர்களே, அது இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எட்டு சீல் வார்த்து கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. தலைப்பே சிவப்பு எழுத்தில், இறுதி அறிவிப்பு என்று. உன் முழுப்பெயர் போட்டு, நீ உன்னைக் கட்டினவனோடு குடியிருந்த அந்தப் பழைய வீட்டின் கதவு எண், மாடி, தெரு எல்லாம் ஒன்று விடாமல் போட்டு, உரிமையாளர் இந்த முகவரியில் இல்லை என்று தெரிய வருகிறது, இதே பெயரைக் கேட்டு வேறொரு நிறுவனம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது, இன்று மாலை ஐந்து மணிக்குள் உரிமையாளரின் இப்போதைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உறுதி செய்யாவிட்டால் பெயர் அவர்களுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைக்கு வருகிற பாதி வேலை அந்த வெப்சைட் வழியாகத்தான் வருகிறது என்பது ஒரு பக்கம், நீ எங்களுக்காகச் செய்துவைத்த ஒன்று, இப்போது நீ பக்கத்தில் இல்லாத காலத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போகிறான் என்பது இன்னொரு பக்கம்.

நான் என்ன பார்த்து ஏமாந்தேன் தெரியுமா, நீ சிரித்தாலும் சிரி. கடைசியில் ஒரு வட்ட சீல் இருந்தது. அடடா, என்ன வேலைப்பாடு. இரண்டு வளையம், நடுவில் நட்சத்திரம், சுற்றி எழுத்து ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், லெட்டர்ஹெட்டில் அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் எவனுக்கும் ஆபீஸ் சீல் செய்து கொடுத்ததில்லை, அந்தக் கடிதங்களெல்லாம் இன்றைக்கும் பச்சை ஃபைலில் இருக்கின்றன. அதனால் என் புத்தி எப்படிப் போனது பார், இவ்வளவு நல்ல சீலை எங்கேயோ என்னைப் போல ஒருவன் கடிதம் வாங்கிப் பார்த்துத்தானே செய்திருப்பான் என்று நினைத்தேன். கையால் குத்திய சீலில் ஒரு பக்கம் மை தூக்கலாக விழும், ஒரு பக்கம் வெளிறும், கொஞ்சமாவது சாயும். இது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இது எவன் கையும் படாத படம் என்று இப்போது தெரிகிறது, அப்போது கண்ணை மறைத்துவிட்டது. இன்னொன்று, அவர்கள் காசே கேட்கவில்லை. காசு கேட்டால் கொடுக்காதே, ரகசிய எண் கேட்டால் சொல்லாதே என்று நீ சுவரில் ஒட்டிவைத்த காகிதத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன் கூட. இரண்டும் கேட்கவில்லை, அதனால் நல்லவர்கள் என்று முடிவு கட்டி, உன் புது வீட்டு எண், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்பதுவரை மணிமணியாக அடித்து அனுப்பிவிட்டு, பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று தேநீர் வேறு வாங்கிக் குடித்தேன்.

செவ்வாய் காலை கடையைத் திறந்தால் இரண்டு மெயில். ஒன்று, தேடினால் உங்கள் கடை முதலில் வரும்படி செய்து தருகிறோம் என்று, இன்னொன்று வேறு ஏதோ நிறுவனத்துக்காரன். இரண்டிலும் உன் பெயர், உன் புது வீட்டு முகவரி. நான் ஒருத்தனுக்குக் கொடுத்தது ஒரே நாளில் மூன்று பேர் கையில் இருக்கிறது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது, அந்தப் பழைய வீட்டு முகவரி இவர்களுக்கு எப்படித் தெரியும், அது அவன் இருக்கிற வீடு அல்லவா, ஒருவேளை அனுப்பினதே அவன்தானோ என்று. உடனே உனக்குப் போன் செய்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கடை தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரம்மாவிடம் ஓடினேன். அவர் நல்ல மாதிரி, திட்டவில்லை. தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், அதே மெயில், அதே சீல், கடை பெயர் மட்டும் அவருடையது. வெப்சைட் பெயர் வாங்குகிறவர்களின் முகவரி ஒரு பதிவேட்டில் ஏறுமாம், மறைத்து வைக்கச் சொல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம், நீ வாங்கின நாளில் அதெல்லாம் யோசிக்கவில்லை போலிருக்கிறது, அங்கிருந்து அள்ளித்தான் ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புகிறார்களாம். முகவரியை இவர்கள் கடைச்சரக்கு மாதிரி கைமாற்றி விற்பார்களாம். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்படியென்றால் இது அவன் வேலை இல்லை அல்லவா என்று கேட்டேன். சொன்னார், "பெரும்பாலும் அவரா இருக்காது சார். ஆனா இல்லவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த முகவரி இனி யார் கைக்குப் போகும்னும் சொல்ல முடியாது." அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாலு நாளாகக் காலம் தள்ளுகிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அந்த வீட்டைவிட்டு வந்த பிறகு, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டு அவன் மூன்று தடவை கடைக்கு வந்தான். ஒரு தடவை அழுதான், ஒரு தடவை மிரட்டினான், கடைசித் தடவை ஒன்றும் பேசாமல் கவுண்டருக்கு எதிரில் அரைமணி நேரம் நின்றான். நான் குனிந்த தலை நிமிராமல் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நேரில் வந்து நின்றவனுக்குச் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவன் சிவப்பு எழுத்தில் கேட்டதும் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்றுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அம்மாவிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ கதவ நீங்களே தொறந்து விட்டுட்டீங்க" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், பேச்சுத்தான் போடமாட்டேன் என்கிறாள். நான் கடைக்குக் கிளம்பும்போது மட்டும், அவ இப்ப இருக்கிற வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் சங்கிலி இருக்கான்னு கேளுங்க என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், இருக்கிறதா?

காவல் நிலையத்துக்கும் போனேன். எவ்வளவு போச்சு என்று கேட்டார்கள், ஒன்றும் போகவில்லை என்றேன், அப்புறம் எதற்கு வந்தீர்கள் என்றார்கள். பொண்ணோட முகவரி போச்சு என்றேன், அதற்குப் பிறகுதான் அந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டார், அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் ஊர் நிலையத்திலும் காட்டி வை. உன் அப்பா எவ்வளவு பெரிய வீரன் என்று உனக்குத் தெரியாது, நேற்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் கடைக்குள் நுழைந்தான், நான் கைக்குக் கிடைத்த பெரிய தேதி ஸ்டாம்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன், பாவம் அவர் ஒரு பல் டாக்டர், தன் சீல் ரெடியா என்று கேட்க வந்தவர். பயந்தே போனார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது, நான் அவர் போன பிறகுதான் ஸ்டாம்பைக் கீழே வைத்தேன்.

இனிச் செய்ய வேண்டியது. நான் முகவரி கொடுத்துவிட்ட அந்த வீட்டுக்குத் திரும்பிக் குடியிருக்கப் போகாதே, சாமானை உன் தோழியோடு பகலில் போய் எடுத்து வந்துவிடு, அப்போதே அங்கே வாசலில் இருக்கிற காவலாளிக்கு அவன் போட்டோவைக் காட்டி வை, இனிப் பார்க்கப் போகிற வீடு எங்கே என்று என்னிடம் சொல்லாதே. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, தெரியாத வாய்தான் இனி நல்ல வாய். வெப்சைட் பெயரை விட்டுத் தொலை, புதுப்பிக்க வேண்டாம், அதை எவனாவது எடுத்துக்கொண்டு போகட்டும், அதைக் காப்பாற்றப் போய்த்தானே இவ்வளவும். போர்டில் அந்தப் பெயரின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, வேலையில் யாரிடமும் வீட்டைப் பற்றிப் பேசாதே, சித்தியிடம் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்லி அனுப்பு, அம்மாவுக்கு அது போதும்.

நீ ஒருநாளும் மனம் கலங்காமல், சத்தம் கேட்டால் திடுக்கிடாமல், நெடுங்காலம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். இன்னும் ஒன்றே ஒன்று, இதை மட்டும் இரண்டு தடவை படி. உன் பள்ளிக்கூட லீவு லெட்டரில் கூட கையெழுத்துக்குக் கீழே கடை சீலைக் குத்தி அனுப்புவேன், டீச்சர் சிரிக்கிறாங்கப்பா என்று அழுவாயே, அந்தச் சீல் இதில் இல்லை, இனி எதிலும் இருக்காது. என் பேரில் சீலோடு ஏதாவது வந்தால் அது நான் அனுப்பினதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று யாராவது அழைத்தால், ஏழு வயதில் கழிவு ரப்பரில் எனக்குத் தெரியாமல் நீ ஒரு ஸ்டாம்ப் வெட்டினாயே, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேள். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அம்மாவிடம் கூட நான் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். நானே உன் வாசலில் வந்து நின்றாலும் கேள். நான் தப்பாகச் சொன்னால் அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைக்காதே, எனக்கு அது மறக்காது. என் பக்கத்தில் அவன் நிற்கிறான் என்று அர்த்தம். அப்போது நான் எவ்வளவு கெஞ்சினாலும், என் குரல் எப்படிக் கேட்டாலும், கதவைத் திறக்காதே.

இப்படிக்கு,
வெறும் கையெழுத்தோடு,
உன் அப்பா