ஜாதகத்தில் ஐம்பது, ஐசியில் நாற்பத்தெட்டு

ஜூன் 8, ஞாயிறு

மழை இல்லை. காற்றும் இல்லை. ஏழு மணிக்கே முதுகில் வெயில். கிள்ளான் – காப்பார் – மேரு, சைக்கிளில் 52 கி.மீ. முழங்கால் சரி. இடுப்பு சரி. உட்காரும் இடத்தைப் பற்றி எழுத வேண்டாம், மகள் படித்தாலும் படிப்பாள்.

பசியாறல் மேரு ஒட்டுக்கடையில். ரொட்டி சானாய் இரண்டு. (மனைவி சாந்தி கேட்டால் ஒன்று.)

எங்கள் நாலு பேர் கூட்டத்துக்கு ஒரே சட்டம். கடைசியாக வந்து சேருகிறவன் கடைக்காரர் காதர் பாயிடம் தேத்தண்ணீர்த் தட்டை வாங்கி வந்து எல்லாருக்கும் வைக்க வேண்டும். எத்தனை வயதானாலும் அந்த ஒரு வேளைக்கு அவன் 'தம்பி'. சீனி கம்மி, மேசையைத் துடை, எதுவும் சொல்லலாம். முறைக்கக் கூடாது. இன்றைக்குத் தம்பி நான்.

தங்கராஜு அண்ணன் ஆறு வருடத்தில் அந்தத் தட்டைத் தொட்டதே இல்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர், வயது 56. தபால்காரர் வேலையை விட்டாயிற்று, கால் மட்டும் இன்னும் விடவில்லை. போன வருடம் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பந்தயத்தில் மூன்றாவது.

அவர் சொன்ன சேதி: ஜூலை 24 மூட்டு ஆபரேஷன். அதோடு பந்தயம் போதும் என்று டாக்டர் கறார். ஆக, ஜூலை 13 பந்தயம்தான் அவருக்குக் கடைசி. எனக்கு இந்த வருடம்தான் ஐம்பது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஓட்ட இந்த ஒரு தடவைதான்.

என் வாய் சும்மா இருக்குமா. நான் ஜெயித்தால் தட்டு உங்கள் கையில் என்று சொல்லிவிட்டேன். மூட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"மொதல்ல என் பின் சக்கரத்த பாத்துக்கிட்டு வா மணி. மத்தத அப்புறம் பேசலாம்."

ஜூன் 19, வியாழன்

வேலையில் ஃபோர்க்லிஃப்ட் மக்கர். மேஸ்திரி மூஞ்சி அதைவிட மக்கர்.

மாலையில் கவிதா போனில் பந்தயப் படிவம் நிரப்பினாள். எனக்கு ஆறாம் வகுப்போடு சரி, படிவமெல்லாம் மகள் இலாகா. ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரை அடித்ததும் போனே வகுப்பைப் போட்டுவிட்டது: 40–49.

"அப்பா, ஐசிபடி உங்களுக்கு நாப்பத்தெட்டுதான்."

தெரிந்த கதைதான். தோட்டத்தில் பிறந்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் அப்பாவுக்குப் பதிய நேரம் கிடைத்தது. தோட்ட ஆபீஸ் கிராணி எழுதிய தேதிதான் அரசாங்கத்துக்கு என் பிறந்தநாள். போன மாதம் கேக் வெட்டியது ஜாதக வயதுக்கு.

சமையலறையிலிருந்து சாந்தி குரல்: "கம்பெனில ரெண்டு வருஷம் கூட வேல செய்ய ஐசி வயசு. சைக்கிளுக்கு மட்டும் ஜாதக வயசா?"

கவிதா சிரித்ததில் போன் கீழே விழுந்தது.

பரவாயில்லை. நம்பர் வாங்கப் போகும்போது நேரில் பேசிக்கொள்கிறேன். என் முகத்தைப் பார்த்தால் ஐம்பது தெரியாதா.

ஜூன் 29, ஞாயிறு

புகைமூட்டம். தொண்டையில் மணல்.

எடை 74 (மே மாதம் 78).
ரொட்டி சானாய் ஒன்று. நிஜமாகவே ஒன்று.
செவ்வாய், வியாழன்: விடிந்ததும் தொழிற்பேட்டைச் சாலையில் வேகப் பயிற்சி.
பின் பிரேக் கட்டை மாற்ற வேண்டும்.
சாந்திக்குத் தேங்காய். மறக்காதே.

வியாழக்கிழமை ஒரு லோரிக்காரர் ஜன்னலை இறக்கி, பெட்ரோல் முடிந்துவிட்டதா அங்கிள், கட்டி இழுக்கவா என்றார். உங்கள் டயரில் காற்று இல்லை, முதலில் அதைப் பாருங்கள் பாஸ் என்றேன். அடுத்த முனையில் இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவம்.

தங்கராஜு அண்ணன் இன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து நெடுஞ்சாலை மோட்டார் சைக்கிள் பாதையில் ஓட்டியே வந்தார். இறங்கியதும் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். நான் குனிந்து என் சங்கிலியை நோண்டினேன். சங்கிலியில் ஒன்றுமில்லை.

மேட்டில் இன்னும் அவர்தான். சமதரையில் நான். பந்தயம் முழுக்கச் சமதரை. ஹா.

ஜூலை 12, சனி

கோல சிலாங்கூர் போய் நம்பர் வாங்கினோம். ஜாதக நோட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

மேசையில் ஒரு மலாய்ப் பெண், கவிதா வயது. நோட்டைத் திறந்து ராசிக் கட்டத்தைக் காட்டினேன். கேட்டை நட்சத்திரம், சனிக்கிழமை, இதோ வருடம். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், நோட்டைத் திருப்பிப் பார்த்தாள், மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் நின்று என் கிரகங்களைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் தனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். மற்றபடி எல்லாரும் மரியாதையாகச் சொன்னது ஒன்றுதான். ஐசிதான் அங்கிள்.

நம்பர் 417. பச்சை அட்டை. நாற்பதுகாரன்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் ஐம்பதுகாரர் மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம்:

"அதே அறுவது கிலோமீட்டர்தானே. ஒங்க ஆளுங்களுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி கொடி காட்டுவான். நீ கோட்ட தாண்டி ரெண்டு நிமிஷத்துக்குள்ள நான் வந்துட்டா நான் ஜெயிச்சேன். வரலனா நீ. சரியா தம்பி?"

தட்டைத் தூக்காமலே தம்பி ஆகிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வானம் தெளிவு. வயல் பக்கம் எதிர்காற்று. வாழைப்பழம் இரண்டு, தண்ணீர் இரண்டு போத்தல்.

நாற்பதுகாரர்கள் மனுஷர்கள் இல்லை. முதல் பத்து கிலோமீட்டரில் நாக்கு ஹாண்டில்பாரில். கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் ஒருவன் திரும்பி, நீங்களும் கொஞ்சம் முன்னால் வந்து எதிர்காற்றைத் தாங்குங்கள் என்றான். காது கேளாத மாதிரி சிரித்தேன். கிழவனாக இருப்பதில் இது ஒரு வசதி.

52-ஆவது கிலோமீட்டரில் வால் அறுந்தது. அவர்கள் போனார்கள். மிச்சம் எட்டு, தனியாக. பின்னால் மஞ்சள் கூட்டம் வரும், பிடித்தாலும் அவர்களோடு ஒட்டி ஓட்டக் கூடாது, வேறு வகுப்பு. திரும்பிப் பார்க்கவே இல்லை. கோடு. 23-ஆவது.

உடனே கைக்கடிகாரத்தை அமுக்கினேன். வேலிக் கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு நிமிடம், யாரும் இல்லை. ஒன்றரை, யாரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சாந்தியிடம் கட்டை விரலைக் காட்டி ஜெயித்தாயிற்று என்றேன்.

அப்போது வளைவில் மஞ்சள் அட்டைகள். ஏழெட்டுப் பேர். அண்ணன் ஐந்தாவது. சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கிறார், அந்த மூட்டோடு, முகம் கோணிப்போய். நான்காவது. அப்புறம் எனக்கு ஒன்றும் நினைவில்லை. கத்தியது மட்டும் தெரியும். ஏறுண்ணே, ஏறுண்ணே என்று. மூன்றாவது.

கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டு நிமிடம் ஐம்பது. அவர் கோட்டைத் தாண்டிய நொடியைப் பார்க்கவில்லை, எதற்கும் உதவாத கணக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் சாந்தி: "ரெண்டு நிமிஷத்துக்கு மேல வரணும்னு வேண்டிக்கிட்டு, சீக்கிரம் வானு கத்துறீங்க. ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

குரல் போய்விட்டது. நல்லவேளை.

ஜூலை 17, வியாழன்

குரல் பாதி திரும்பியது. தவளை மாதிரி.

முடிவுப் பட்டியல் போனில் வந்துவிட்டது, ஒவ்வொருவர் நேரமும் தனித்தனியாக. கவிதா திறக்கப் போனாள். தடுத்துவிட்டேன். ஞாயிறு, அண்ணன் முன்னால்தான்.

மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். மணி பார்க்க.

ஜூலை 20, ஞாயிறு

இரவு மழை, சாலை ஈரம். 30 கி.மீ. மட்டும்.

மேரு கடையில் அண்ணன் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். சைக்கிள் இல்லை, மகன் காரில் இறக்கிவிட்டுப் போனானாம். மேசையில் மூன்றாம் இடக் கோப்பை, காதர் பாய் அதில் ஸ்ட்ரா போட்டு வைத்திருந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். மழையைப் பற்றிப் பேசினோம்.

அவரும் பார்க்கவில்லையாம். போனை எடுத்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். ஒரு தடவை மேலே தள்ளினார். ஒரு தடவை கீழே. சட்டைப் பையில் வைத்தார்.

பிறகு மேசையை ஊன்றி எழுந்தார்.

நீங்கள் உட்காருங்கள், நான் கொண்டு வருகிறேன் என்று காதர் பாய் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. நாலு கிளாஸ், தட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். நான் பாதி எழுந்தேன். முறைத்த முறைப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கிளாஸைக் கடைசியாக வைத்தார்.

"நாலு செகண்டு லா. நாலே நாலு."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த வார்த்தை எத்தனையோ. அவர் உட்காராமல் அங்கேயே நின்றார், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டப்படி.

ஒரு வாய் குடித்தேன்.

"தம்பி, சீனி கம்மினு சொன்னேனே."