ஏழ்வாசல் வீழ்ந்த வாரம்

9 ஜனவரி 2004, வெள்ளி

காலை −24. வடமேற்குக் காற்று. வெந்நீர்க் குழாய் மீண்டும் தட்டுகிறது. வீட்டுக்காரருக்கு இரண்டாம் கடிதம் எழுத வேண்டும். இம்முறை பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாளை ஆண்டின் முதல் ஆட்டம். புதுக் குறிப்பேடு ஆதலால் வழக்கம்போல் நாட்டின் நிலவரம்:

உறைபுலம். சிவநேசனும் நானும் 1987 முதல் தாளில் வரைந்து ஆடிவரும் கற்பனை நாடு. பன்னிரண்டு மாதமும் பனி. மேலே பனியர் (நான்): சறுக்குவண்டி, பாதைகள், இறைச்சி, தலைநகர் ஏழ்வாசல். கீழே சுரங்கர் (சிவநேசன்): குடைவழிகள், சுடுகல். சுடுகல் இல்லையேல் மேலே விறைத்துச் சாவு. இறைச்சி இல்லையேல் கீழே பசித்துச் சாவு. ஒருவரை ஒருவர் நம்பாத இரு சனங்கள். பதினாறு ஆண்டுகளில் போர் பதினொன்று. பதினொன்றிலும் பனியருக்கே வெற்றி.

ம.பொ. (மறைபொருள்): ஆளுக்கு ஒன்று. தன் நிலத்தில் ஒளித்து வைத்ததை எழுதி, உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் கையொப்பமிட்டு, எதிராளியிடமே ஒப்படைத்தல். 1987இல் ஒரே அறை, இரண்டே பேர், வேலையும் இல்லை. வேறு யாரிடம் கொடுப்பது? பயன்படுத்தும் நாளில் மட்டும் உறை பிரிபடும். பிறகு புதியது எழுதலாம். நான் பதினொன்றைப் பயன்படுத்திவிட்டேன், பன்னிரண்டாவது சிவ. வீட்டில். அவனுடைய முதலாவதே இன்னும் என் அலுமாரியில். சோம்பேறி.

வி. (விதி) 9: எதிராளியின் உறையை முறைதவறிப் பிரித்தவர் நாட்டை இழப்பார்.

நாளைக்கு: வரைபடக் குழாய். 2H பென்சில். பல் வைத்தியரின் நேரத்தை மாற்றுதல்.

10 ஜனவரி, சனி

−26. மொன்ட்ரியால்-நோரிலிருந்து இல்-பிசாரில் சிவ. வீட்டுக்கு மூன்று பேருந்து. கடைசி மாற்றத்தில் நாற்பது நிமிடம் நின்றேன்.

சிவ.வுக்குக் காய்ச்சல், மாடியில் படுக்கை. அவனுக்குப் பதில் அபி ஆடினாள். அவன் மகள், பத்தொன்பது வயது. வி. 17 பதிலாளை அனுமதிக்கிறது. அனுமதித்தேன்.

என் பன்னிரண்டாம் ம.பொ.: ஊமை ஏரியின் வடபகுதியில் பனி விரலளவு மெல்லியது. யார் ஏறினாலும் உள்ளே. மேலிருந்து பார்க்க ஒரு வேறுபாடும் இல்லை. எழுதியதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

அபி முந்நூறு சுரங்கரை மேலே ஏற்றினாள். ஏழ்வாசலுக்கு நேர்வழி ஏரி. அவள் ஏரியைச் சுற்றினாள். ஆட்டத்தில் தன் முறை நான்கு வீணாகும்.

"ஏன் பிள்ளை சுத்திப் போறாய்?"

"அங்க மெல்லிசுப் பனி எல்லோ, மாமா."

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். அதில போய் விழச் சொன்னவர். நான் ஏன் விழோணும்? என்ர ஆக்கள் முந்நூறு பேர்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சிவ.வின் மனைவி ராணியின் குரல், தாழ்ந்து: "அபி, வாயைப் பொத்து."

ஆக, ராணிக்கும் தெரியும்.

வரைபடத்தைச் சுருட்டினேன். மாடியிலிருந்து இருமல். ஏறிப் பார்க்கவில்லை. அபி வாசல்வரை வந்தாள். "மாமா, நான் வெண்டனானா இல்லையா?" வரைபடக் குழாயை மூடினேன். நேர்மையான கேள்வி அது. அந்த வீட்டில் என்னோடு உண்மையாக ஆடியவள் அவள் ஒருத்தியே.

கையுறை ஒன்றை விட்டுவந்துவிட்டேன். இடது.

11 ஞாயிறு

−19. சிறு பனித்தூறல்.

பயன்பட்ட பதினொரு உறைகளையும் மேசையில் பரப்பினேன். உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒட்டிய ஓரம் பதினொன்றிலும் அலை அலையாக. ஆவி பட்ட தாள். என் கையொப்பத்தின் மை ஒவ்வொன்றிலும் சற்றே கசிந்திருக்கிறது.

அலுவலகத்தில் பிறர் வரைந்த படங்களில் அரை மில்லிமீற்றர் பிழையைப் பிடிப்பவன் நான். இதற்கு முன் நில அளவையில் ஒன்பது ஆண்டுகள்.

மதியம் கதவு தட்டல். சிவ. கழுத்தில் மூன்று சுற்று மப்ளர், கையில் என் கையுறையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும். முகம் காய்ச்சலில் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன்.

"எப்பிடித் திறந்தனி?"

"கேத்தில் ஆவியில."

"எப்ப தொடங்கினது?"

"முதல் விண்டரிலயே."

"ஏன்?"

மப்ளரைக் கழற்றி மடித்தான், மீண்டும் விரித்தான். "உன்ர மனுசி வரமாட்டன் எண்டு கடிதம் போட்டவ. நீ மூண்டு நாள் சாப்பிடேல்லை, கதைக்கேல்லை, சுவரைப் பாத்தபடி. நான் என்ன மச்சான் செய்ய? உறையைத் திறந்து பாத்தன். என்ர ஆக்களைக் கொண்டுபோய் உன்ர பொறிக்குள்ள விட்டன். நீ சிரிச்சாய். எழும்பிச் சோறு போட்டாய்."

நினைவிருக்கிறது. கணவாய்ப் போர். பனிச்சரிவில் இருநூறு சுரங்கர் புதைந்தனர். அந்தக் குளிர்காலத்தில் நான் நினைத்துப் பார்க்க விரும்பும் ஒரே நாள் அது.

"அது ஒண்டு. மிச்சம் பத்தும்?"

"பழகிப் போச்சு."

இதைவிடப் பொய் சொல்லியிருக்கலாம்.

"தோக்கிறது எனக்குப் பெரிய விசயமில்லையடா" என்றான். "உனக்கு வெல்லோணும்."

"நான் கேட்டனானா?"

"கேக்கேல்லை."

"பேந்து ஏன் செய்தனி?"

இருமினான். நெடுநேரம். சுடுநீர் கொடுத்தேன், விருந்தோம்பல் வேறு, இது வேறு. போகும்போது காலணி மாட்டக் குனிந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கைத்தாங்கல் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியில் நண்டுக் கறி. திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

13 செவ்வாய்

−21. அலுவலகத்தில் ஒரு படிக்கட்டுப் படத்தை இரண்டு முறை சரிபார்த்தேன், பிழை இல்லை, மூன்றாம் முறையும் பார்த்தேன். அருகில் இருப்பவர், "எல்லாம் நலமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். நலம் என்றேன், பிரெஞ்சில்.

மாலை ராணி தொலைபேசியில்.

"அண்ணை, பெட்டி காலியோ?"

"இல்லை."

"கறியோட என்ன கோவம்?" பிறகு: "அவர் உங்களுக்காக எத்தினை தரம் தோத்தவர் தெரியுமே?"

"பதினொரு தரம், தங்கச்சி. எண்ணிப்போட்டன்."

அவள் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள்.

தோற்றவன் அவன் அல்லன். எதிரி இல்லாத களத்தில் பதினாறு ஆண்டுகள் வாள் வீசியவன் தோற்றவன். அந்த மேசையைச் சுற்றி எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. சனிக்கிழமைகளில் எனக்கு இரண்டாம் முறை சோறு போட்ட கைக்கும்.

15 வியாழன்

−15. பல் வைத்தியரிடம் செல்ல மறந்தேன். இருபது ஆண்டுகளில் முதல் முறை.

உறைபுலத்தின் வரலாறு மூன்று ஏடுகள். வெற்றிகள் சிவப்பு மையில். அழிக்க இயலாது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் "கொடுக்கப்பட்டது" என்று குறித்தேன். பதினொரு இடம். மூன்றாம் ஏட்டின் முடிவில் கை வலித்தது.

வி. 9இன்படி தீர்ப்பு: சுரங்கங்கள் அனைத்தும், சுடுகல் முழுவதும், கீழ்ச் சனங்கள் எண்ணாயிரமும் பனியருக்கு. நாடு முழுவதும் என்னுடையது. ஒருவருக்கு அறிவிக்க வேண்டும். யாருக்கு?

வி. 12: நாடு ஒருவரிடம் சேர்ந்தால் மீந்த உறையும் பிரிக்கப்படும்.

என் பன்னிரண்டாவது ஏற்கெனவே பிரிபட்டுவிட்டது. மீந்த உறை ஒன்று. அலுமாரியில். சனி வரை பொறுக்கலாம். ஆட்டம் சனியன்றுதான்.

17 சனி

−19. வெயில். தெரு உப்பால் வெள்ளை.

காலை ஜான்-டலோன் சந்தை. உருளைக்கிழங்கு, லீக்ஸ். பிற்பகல் இரண்டு மணி, ஆட்டம் தொடங்கும் நேரம். சிவ.வின் உறையை மேசையில் வைத்தேன். ஓரம் தட்டையாக, கையொப்பம் கூர்மையாக. பதினாறு ஆண்டுகள் நான் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கத்தியால் திறந்தேன்.

சலவைக் கடைச் சீட்டின் பின்புறம், அவன் சாய்ந்த கையெழுத்து:

"ஏழ்வாசலுக்கு நேர் கீழே பழைய குடைவழி. ஏழு வாசலுக்கும் ஏழு வெடி வைச்சாச்சு. திரி கொளுத்த ஒரு முறை போதும். மச்சான், சரி, அழாதை."

வரைபடத்தில் அளந்தேன். சரியாக நேர் கீழே. விதிகளில் தடை ஏதுமில்லை. எந்தச் சனிக்கிழமையும் முடித்திருக்கலாம்.

தேதி: 2 டிசம்பர் 1987. வரமாட்டேன் என்று என் மனைவி எழுதிய கடிதம் வந்தது ஆறாம் தேதி.

நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்கள் மட்டும் சிவநேசன் என்னோடு விளையாடியிருக்கிறான். என்னைத் தோற்கடிக்க எண்ணி, சிரித்துக்கொண்டு, என்னை ஓர் ஆளாக மதித்து.

அழிப்பானை எடுத்தேன். முதலாம் வாசல். இரண்டாம் வாசல். கோட்டைச் சுவர், சந்தை, சறுக்குவண்டிப் பட்டறை. ஏழாம் வாசலின் கோடுகளை அழுத்தி வரைந்திருக்கிறேன் போலும், தடம் போகவில்லை.

தொலைபேசி எடுத்தேன். அவனே எடுத்தான். இருமல் குறைந்திருக்கிறது.

"ஏழ்வாசல் போச்சு" என்றேன்.

"ஆர் வெடிச்சது?"

"நீ."

"நான் செய்யேல்லை, மச்சான்."

"செய்திருக்க வேணும்."

வைத்துவிட்டேன். வரைபடத்திலிருந்து துகளை ஊதினேன். லீக்ஸைக் கழுவ வேண்டும், மண் நிறைய.