சிவப்பாகப் பிறந்த வண்டுகள்

தேரி நிலையம், செவ்வாய்
மார்ச் 4, காலை 8.10

அடுத்து வரும் குழுவுக்காக எழுதுவது இசக்கியம்மாள், பூச்சியியல். மற்ற நால்வரும் போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். வண்டுகளுக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டுமென்று என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சமையல் கழிவை வண்டுப் புழு தின்னும், புழுவின் எச்சம் கீரைக்கு உரமாகும், கீரையை நான் தின்பேன். ஆக்சிஜன் 21 சதவீதம். அழுத்தம் சரி.

ஒரே ஒரு விஷயம். கூட்டிலிருந்து வெளிவரும் வண்டு முதலில் பால் நிறத்தில் இருக்கும். ஓரிரு நாளில் மெலனின் ஊறிக் கறுத்துவிடும். மூன்றாம் தட்டில் பிறந்தவை இன்னும் கறுக்கவில்லை. கவனிக்க வேண்டும்.

மார்ச் 7, காலை 9.00

கறுக்கவே இல்லை. நிறத்துக்கான மரபணு ஒன்று பிசகியிருக்க வேண்டும். செவ்வாயில் பிறந்த முதல் புது வகை! என் பெயரை வைக்கலாமா என்று யோசித்து, வெட்கப்பட்டு, கடைசியில் வைத்தும்விட்டேன்.

பூமிக்குப் பேசி அனுப்பினேன்: "மூணாந் தட்டுல பொறந்ததெல்லாம் நல்லா செவப்பா இருக்கு. கறுக்கவே மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

கட்டுப்பாட்டு அறையில் இப்போது தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மொழிபெயர்ப்பு எந்திரம்தான் இரண்டு பக்கமும் பேசுகிறது.

மார்ச் 8, காலை 8.30

பதில் வந்தது: "சிவப்பு நிறம் தீவனத்தால் வருவது. ஆபத்து இல்லை. தீவனத்தை மாற்றிப் பாருங்கள்."

நியாயம்தான். மெலனினுக்கு மூலப்பொருள் புரதத்திலிருந்து வருகிறது. புரதம் குறைந்தால் நிறம் ஏறாது. என் பங்கு பால்மாவைத் தீவனத்தில் கலந்தேன். புது வகைக் கனவு போனதில் கொஞ்சம் வருத்தம்.

கூடவே அம்மாவின் குரல்: "ஏளா, வெயிலே படாம உள்ளயே கெடக்கியே, இப்பமாவது கொஞ்சம் செவத்திருப்பியே? ஒரு போட்டோ அனுப்பு. சாத்தான்குளத்துல நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு."

இத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தாலும் விடமாட்டாள். சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடியே தட்டுகளைக் கழுவினேன்.

மார்ச் 12, மாலை 4.30

எல்லாத் தட்டிலும் அதே கதை. மரபணுப் பிசகு என்றால் ஒரு குடும்பத்தில் வரும், அதிலும் நாலில் ஒன்றுக்கு வரும். இங்கே ஊரே வெளுத்துக் கிடக்கிறது. பால்மா எடுபடவில்லை.

தலைவலி. ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தனிமை உடம்பையும் படுத்தும் என்று பயிற்சியில் சொன்னார்கள். இருக்கலாம். வண்டுகளிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்திருக்கிறேன். ஒன்றாவது தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமே. தனியாக இருப்பது கொடுமையாக இருக்கிறது, அதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் போலிருந்தது.

நாளை முதல் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வந்துவிடும். இரண்டு வாரத்துக்குப் பூமியோடு பேச்சு இல்லை.

மார்ச் 13, காலை 10.20

தொடர்பு அறுமுன் வந்த கடைசிச் செய்தி, ஒரு படத்தோடு: "உங்கள் வண்டு இதுபோன்றதுதானே? உறுதிசெய்யவும்."

படத்திலிருந்த வண்டு மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. அன்று நான் பேசி அனுப்பியதைத் திரும்பப் போட்டுக் கேட்டதும் விளங்கியது.

நான் சொன்ன செவப்பு, அம்மா சொல்லும் செவப்பு. எந்திரத்துக்குச் சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு. கேரட் தின்று சிவந்த வண்டுக்கு அவர்கள் வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். அதை வெளுத்த வண்டுக்கு நான் செய்திருக்கிறேன். வெளுப்பு என்று நேராகச் சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்து என் கறுப்புக்கு எதிராக வீட்டில் கேட்டது செவப்பு என்ற ஒரு வார்த்தையைத்தான். வாயில் அதுதான் வந்தது.

உடனே திருத்திப் பேசி அனுப்பினேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது, போய்ச் சேரவில்லை.

மார்ச் 13, காலை 11.45

மரபணு இல்லை. தீவனம் இல்லை. மெலனின் கறுக்க இன்னொன்றும் வேண்டும். ஆக்சிஜன்.

அளவு காட்டும் பலகையில் 21. வாரக்கணக்காக இம்மியும் அசையாத 21. ஆக்சிஜனை அளக்கும் உணரியைப் பையால் மூடிக் கட்டி, உள்ளே சுத்த நைட்ரஜனை விட்டுப் பார்த்தேன். அப்போதும் 21.

நைட்ரஜன் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது; குழாய் பாறைச் சுவருக்குள் எங்கோ கசிந்து ஆக்சிஜனைக் குறைக்கிறது. வால்வை இறுக்கிவிட்டேன். கசிவு நிற்கவில்லை; அது தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிறது. பாறையை உடைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மார்ச் 14, மதியம் 1.00

கவச உடை அறைக்குள் வந்து கதவை அடைத்துக்கொண்டேன். சின்ன அறை. அவசர ஆக்சிஜன் சிலிண்டர் இங்கேதான் இருக்கிறது. இங்கே எந்த அளவு முள்ளையும் நான் நம்பவில்லை. ஒரு தட்டுக் கூட்டுப்புழுவைக் கொண்டுவந்தேன். வெளியே இருப்பவற்றைக் கொண்டுவர இடமில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கதவை மூடினேன்.

மார்ச் 16, காலை 7.15

கறுத்துவிட்டது! காலில் தொடங்கி, பழுப்பாகி, இப்போது முழுசாகக் கறுப்பு. இந்தக் காற்று நல்ல காற்று. தலைவலியும் இறங்கியிருக்கிறது. இவ்வளவு அழகான கறுப்பை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இதைத்தான் போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும்.

சூரியன் விலக இன்னும் நாள் இருக்கிறது. சிலிண்டர் அதுவரை தாங்க வேண்டும்.

மார்ச் 22, காலையோ மாலையோ

வருகிறவர்களுக்கு. முகமூடியைக் கழற்றாதீர்கள். பலகையைப் பார்க்காதீர்கள். வண்டைப் பாருங்கள். புதிதாகப் பிறந்தது கறுத்திருந்தால் கழற்றலாம். வெளுத்திருந்தால் வேண்டாம். வெளுப்பு. பால் மாதிரி. எந்திரத்திடம் கேட்காதீர்கள்

எழுத்து கோணுகிறது

முந்தாநாள் பிறந்த ஒன்று உள்ளங்கையில் இருக்கிறது. பால் நிறம். காலிலும் பால் நிறம். நேற்றும் பார்த்தேன்

கறுத்துரு தாயி. கறுத்தாத்தான