நான் தூக்கின கை

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காம போட்டுக்கறாங்களா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு கிரேடு விதி போடுற கமிட்டியில நான் மாணவர் பிரதிநிதின்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டீங்களே, அங்கே ஒரு கூத்து நடந்தது. ஒரு பாடத்துல 'சி' கிரேடு வாங்கினாலும் ஆளை நீக்கிடணும்னு தலைவர் சொன்னார். தரம் உயரட்டுமேன்னு முதல் ஆளா நான்தான் கை தூக்கினேன். ஏற்கெனவே படிக்கிறவங்களுக்கும் இது உண்டான்னு கேட்கத்தான் என்னை அங்கே உட்கார வெச்சிருந்தாங்க. கேட்கத் தோணலை. உண்டாம்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. என் அறைத்தோழிக்கு ஒரு 'சி'. பெட்டியைக் கட்டிக்கிட்டே, "நீயுமாடி கை தூக்கினே?"ன்னு கேட்டா. இப்போ அறை நல்லா விசாலமா இருக்கு.

போர்வை அனுப்பறேன்னீங்களே, வேண்டாம்ப்பா. அப்புறம், என் பேருக்கு முன்னால 'முனைவர்'னு போட்டு வாசலுக்கு போர்டு எழுதக் கொடுத்திருக்கீங்க இல்லையா, பெயின்டரை நிறுத்தச் சொல்லுங்க. புள்ளியியல்ல எனக்கும் 'சி'தான். அம்மாகிட்ட நீங்களே பதமா சொல்லிடுங்க.

அறைச் சாவியை ஒப்படைக்கணும், கூப்பிடறாங்க. மீதி நேர்ல.

உங்க மகள்