வளைவில் வைத்த பெட்டி

மங்காஃப்,
4.2.2007

அன்புள்ள மச்சானுக்கு,

சுரேஷ்குமார் எழுதுவது. இங்கு நான் நலம். ஜுபைல் கேம்பில் நீங்களும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

எங்கள் அரபு கம்பெனி வேலையை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பிய கனடாக்கார சூப்பர்வைசர் எனக்குக் கொடுத்த பொன் அரிக்கும் பெட்டியை, லீவில் போன சுஐபு பாய் மூலம் நம் ஊர் தேவாலாவுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பி கார்மேகத்தின் கையில் சேர்ந்துவிட்டது. மடக்கினால் சூட்கேஸ் அளவுதான்.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். அக்கா வீட்டுக்குப் பின்னால் ஓடை வளைகிறதே, அந்த உள்வளைவில்தான் பொன்பொடி படியும். மண்ணை அங்கே வெட்டட்டும். ஆனால் பெட்டியை அங்கே வைக்கக்கூடாது, தண்ணீர் அசையாது. மண்ணைக் கூடையில் சுமந்து துணி துவைக்கிற பாறைக்குக் கொண்டுபோய், ஓடுகிற தண்ணீரில் பெட்டியைச் சாய்த்து வைத்துக் கொட்ட வேண்டும். மணலைத் தண்ணீர் அடித்துப் போகும், பொன் பெட்டியின் அடியில் தங்கும். கார்மேகத்திடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மைத்துனன்,
சுரேஷ்குமார்

ஜுபைல்,
22.2.2007

சுரேஷ்குமாருக்கு,

நலம். நான் பிறந்து வளர்ந்த ஓடையை நீ எனக்குக் காட்ட வேண்டாம்.

துவைக்கிற பாறை யார் நிலத்தை ஒட்டி இருக்கிறது? உன் அப்பா நிலத்தை. என் மண்ணை என் தம்பி சுமந்துவந்து உங்கள் வாசலில் கொட்டுவான், நாளைக்கு நீ பங்குக்கு வந்து நிற்பாய். அதுவும் ஊர்ப் பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க! எனக்கு என்ன, காது குத்துகிறாயா? பெட்டி என் வீட்டுக்குப் பின்னால் வளைவிலேயே இருக்கும்.

வைரவன்

மங்காஃப்,
15.3.2007

அன்புள்ள மச்சானுக்கு,

அக்கா போன் செய்து அழுதாள். நான் பயந்தபடியே, அசையாத தண்ணீரில் பெட்டி முழுக்க மணல் அடைத்துக்கொண்டதாம். இப்போது தண்ணீரை இழுக்கிறேன் என்று கார்மேகம் சமையலறைச் சுவரை ஒட்டிக் கரையில் வாய்க்கால் வெட்டுகிறானாம். அக்கா குறுக்கே நின்றிருக்கிறாள். "அண்ணன் சொல்லிட்டாரு, நீங்க உள்ள போங்க அண்ணி" என்று கையைப் பிடித்து நகர்த்தியிருக்கிறான்.

ஜூன் பிறந்தால் நம் ஊரில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஓடை அந்த வெட்டில் நுழைந்தால் வீடு நிற்காது. எனக்குப் பங்கு வேண்டாம், எழுதியே தருகிறேன். பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை மட்டும் மூடச் சொல்லுங்கள் மச்சான், காலில் விழுந்து கேட்கிறேன்.

சுரேஷ்குமார்

ஜுபைல்,
8.4.2007

சுரேஷ்குமாருக்கு,

இந்தப் பிளான்ட்டில் ஒன்பது வருஷமாகக் குழாய் போடுகிறவன் நான். எங்கே திறந்தால் தண்ணீர் எங்கே வரும் என்று ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ணுகிற நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

வீடு என்னுடையது, கரை என்னுடையது. உன் அக்கா இன்னொரு தடவை குறுக்கே நின்றால் உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடும்படி கார்மேகத்திடம் சொல்லியிருக்கிறேன். கூட்டிவந்து நீயே வைத்துச் சோறு போடு. அரபிக்காரன் சொல்கிற மாதிரி கலாஸ், முடிந்தது. இனி எழுதாதே.

வைரவன்

மங்காஃப்,
19.7.2007

திரு. வைரவன் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். கார்மேகம் போனில் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருப்பான் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் வெட்டச் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, அக்கா உலை வைத்துக்கொண்டிருந்தபோது சமையலறைச் சுவர் சாய்ந்து அவள் கால் மேல் விழுந்தது. அவள் கத்தியது கார்மேகத்துக்குக் கேட்டது. ஆனாலும் அவன் முதலில் ஓடிப்போய்த் தூக்கியது பெட்டியைத்தான். "அது போனா அண்ணன் என்னைய உயிரோட விடமாட்டாரு" என்று ஊரார் முன்னாலேயே சொல்லியிருக்கிறான். அக்காவை இழுத்து எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

கால் எலும்பு முறிந்திருக்கிறது. கூடலூரில் கட்டுப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். நீங்கள் அனுப்பி அவள் வரவில்லை, அவளாகத்தான் வந்தாள். திரும்ப அனுப்பச் சொல்லி யாரையும் தூது அனுப்பாதீர்கள், என் கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

நேற்று கார்மேகம் பழத்தோடு பார்க்க வந்திருக்கிறான். அக்கா தாலியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, "ஒங்க அண்ணனுக்குப் பொன்னுதானே வேணும், இத அனுப்பு" என்றாளாம். அம்மாதான் அழுதிருக்கிறாள், அக்கா அழவில்லை.

லீவு முடிந்து திரும்புகிற யார் மூலமாவது அந்தத் தாலி உங்களுக்கு வந்து சேரும். ஓடையில் பொன் கிடைத்ததா என்று ரூமில் யாராவது கேட்டால், கிடைத்தது என்று சொல்லுங்கள்.

சுரேஷ்குமார்