முத்திரை உடைத்த கையும் இரட்டுத்துணிக் கூடாரமும்

மழை பிழையாது பொழிக. மேன்மலைக் கோட்டத்துச் சுனைகள் வற்றாதிருக்க. அக்கோட்டம் காக்கும் தலைவர் அரிஞ்சேந்தனார்க்கும் அவர்தம் மன்றத்தார்க்கும் நலம் பெருகுக. வெண்ணாவல் நாடுடைய பெருந்தேவி நெடுவாயில் அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை.

நீர் விடுத்த ஓலைகள் இரண்டும் ஒருசேர வந்தடைந்தன. ஆண்டுக்கொருமுறை நாம் பெற்ற மக்களோடு உமது அருவிக்கரையில் தங்குதற்பொருட்டுப் பொற்குமிழ் பதித்த பட்டுக் கூடாரம் செய்ய ஒப்புதல் வேண்டியது ஒன்று. அரச முத்திரையை உடைத்த கூடாரக் காவலன் ஏறன் சாத்தனின் வலக்கையைக் கொய்ய ஒப்புதல் வேண்டியது மற்றொன்று. இரண்டுக்கும் ஒப்புதல் இல்லை.

சுமக்க யானையும் நிறுத்தப் படையும் வேண்டிய கூடாரத்தில், உறங்கும் பொழுதினும் அது எழும்பக் காத்திருக்கும் பொழுதே மிகுதி. நாமும் மக்களும் படுக்கவும், மழை வந்தால் எம் செருப்புகள் உள்ளே கிடக்கவும் இடமிருந்தால் போதும். ஆதலின் நகரங்காடியில் முரட்டு நூலால் நெய்த இரட்டுத்துணிக் கூடாரமொன்றை எளிய விலைக்குக் கொண்டு, முற்றத்தில் நிறுத்தி, உள்ளே அமர்ந்து, மேலே குடங்குடமாய் நீர் ஊற்றச் செய்தோம். நம் இளைய மகள் ஒழுகிய தையலைக் கைவைத்துக் காட்டினாள். அங்கு மெழுகு பூசப்பட்டது. அமைச்சர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நாம் கண்டோம்.

இனி அந்தக் கையைப் பற்றி. அரசர் தங்கிய கூடாரத்தை அவர் நீங்கிய அன்றே பொதிந்து முத்திரையிடுதலும், அரசர் மீண்டு வருமளவும் எவரும் திறவாதிருத்தலும் நம் பாட்டனார் காலத்து வழக்கம். அருவிச் சாரலில் நனைந்த துணி ஈரத்தோடே முத்திரை பெற்று, ஆண்டுதோறும் பூசணம் பிடித்து மட்கியது. விலை குறைந்ததால் மட்கியதென்று எண்ணி விலை மிக்கதை வாங்கினோம். அதையும் ஈரத்தோடே கட்டினோம். உலர்த்த விடுமாறு ஏறன் சாத்தன் வேண்டியதையும், முத்திரை புனிதமென்று நீர் மறுத்ததையும் உமது ஓலையே உரைக்கின்றது. பின்னர் அவன் தானே உடைத்து வெயிலில் விரித்தான். பாதி மட்கியிருந்தது; மறுபாதி அவனால் பிழைத்தது. அது புதிய கூடாரத்திற்குத் தரைவிரிப்பாகுக. ஒரு துணி உலர்ந்ததற்கு ஒரு கையைக் கேட்கும் நாட்டை நாம் ஆள்கின்றோம் என்று அறிந்தபோது நாணினோம்.

இவ்வோலையுடன் அப்புதிய கூடாரமும் வருகின்றது. அரண்மனைப் பொதிகாப்போர் பழக்கம் விடாது அதன் மேலும் முத்திரையிட்டு விட்டனர்; வழியெங்கும் மழை. ஆகவே ஓலை கண்டபொழுதே, நாள் பாராது, மன்றத்தார் காண ஏறன் சாத்தனின் விலங்கைக் களைந்து, அம்முத்திரையை அவனது வலக்கையாலேயே உடைப்பிக்க. ஈரம் முழுதும் போன பின்னரே மடிக்க. மடித்தபின் எவரும் முத்திரையிடற்க.

இவை பெருந்தேவி மொழி; எழுதினேன் அரண்மனை ஓலைநாயகம் நன்னாகன். பெருந்தேவி பணித்தபடி இலச்சினை முத்திரை இவ்வோலைக்கு மட்டும் இடப்பட்டது.